வேலைக்குப் போன குரல்கள்

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் சிட்டிபாபு வீட்டு மாடியில் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, சேர்ந்த நாலாவது மாதம் குரல் கழன்று போய்விடும். போன குரல் சும்மா திரியாது. சுற்றுவட்டாரத்தில் எங்காவது ஒரு வேலையில் சேர்ந்துகொள்ளும். முதலில் போனது ஸ்ரீவத்சன் என்கிற பையனின் குரல். ஒரு திங்கட்கிழமை காலை பல் விளக்கிவிட்டு அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தான்; காற்று வந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே அவன் அப்பா ஆபீஸ் போகப் பெருங்களத்தூர் ஸ்டேஷனில் நின்றபோது, கடற்கரை செல்லும் வண்டி முதலாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அவர் பிள்ளை ஒலிபெருக்கியில் சொன்னான். அப்பா அந்த வண்டியை விட்டுவிட்டார். அடுத்ததையும் விட்டார். மூன்றாவதில் ஏறிப் போய்விட்டார். மாதக் கடைசி, லீவு பாக்கி இல்லை.

பாட்டு டீச்சர் லோகநாயகி இதைக் கேட்டுப் பதறவில்லை. வேலைக்குப் போயிருக்கு, வரும் என்றார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து, ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா ஒரே வரவேற்புப் பாட்டைப் பாடவைத்து அலுத்துப்போய், கொரோனா அடங்கிய மறுவருஷம் சிட்டிபாபு வீட்டு மாடிக்குக் குடிவந்தவர். அவர் சொல்லிக்கொடுக்கும் முறை வேறு எங்கும் கிடையாது. முதல் மூன்று மாதம் கீழ் ஸ, ப, மேல் ஸ, அவ்வளவுதான். தான் பாடிக் காட்டவே மாட்டார். பாடிக் காட்டினால் பிள்ளைகள் அந்தக் குரலை அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடும், அப்புறம் தெருவெல்லாம் நானே பாடிக்கொண்டிருப்பேன், எனக்கே சகிக்காது என்பார். ஸ்ருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்வார். பிள்ளை பிசகினால் ஆயும் கை நிற்கும். சரியாகப் பிடித்தால் கை நடக்கும். பாராட்டு, திட்டு எல்லாம் அந்தக் கையோடு சரி.

குரல் போன பிறகுதான் அவர் கணக்கில் பாடமே ஆரம்பம். ஊமையாக இருக்கும் பிள்ளை தினமும் வகுப்புக்கு வந்து உட்கார வேண்டும். வகுப்பு இல்லாத நேரத்தில் குரல் எங்கே வேலை பார்க்கிறதோ அங்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கூப்பிடக் கூடாது. திருத்தவும் கூடாது. சொந்தக் குரலை வெளியில் நின்று கேட்காதவன் பாடுகிறவன் இல்லை, கத்துகிறவன் என்பது டீச்சரின் கட்சி. அவர் குரலே சின்ன வயதில் கழன்று போய் ஒரு மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்ததுதானாம். அது உண்மையாக இருக்கலாம். அவர் நீளமாக ஒரு 'சரி' சொன்னால் அடியில் பெல்ட் ஓடுவது கேட்கும். ஸ்ரீவத்சன் குரல் ஆடி போய் ஆவணி வந்ததும் தானாகவே வீட்டுக்கு வந்தது. வேலையில் இருந்து லீவில் வந்த பிள்ளை மாதிரி, கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் தடித்து வந்தது. அதன் பிறகு அவன் ஒரு ஸ பிடித்தால், கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போன பிறகும் அது அங்கேயே நிற்கும்.

இது தெரிந்ததும் காலனிப் பெற்றோர்கள் வரிசை கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். மற்றபடி பிள்ளைகள் குரல் இல்லாத வீடுகள் அமைதியாக இருந்தன. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பிள்ளையையும் சேர்க்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. சீக்கிரமே, குரல் திரும்பி வருகிறதா என்கிற கவலை போய், எங்கே வேலை கிடைத்தது என்கிற கவலை வந்துவிட்டது. பாங்கியில் ஆபீசராக இருந்த தோத்தாத்ரி, தன் பெண் மிருதுளாவுக்குக் குரல் போகும் மாதம் நெருங்கியதும், தினமும் சாயங்காலம் அவளைத் திரிசூலத்துக்குக் கூட்டிப்போய் விமான நிலையத்து வாசலில் உட்காரவைத்தார். அங்கே கழன்றால் அங்கேயே சேர்ந்துகொள்ளும், ஏர்கண்டிஷன், மூன்று பாஷை, நல்ல சூழ்நிலை என்று கணக்குப் போட்டார். குரல் விமான நிலையம் வரைக்கும் ஒழுங்காகப் போய்விட்டு, அவரோடேயே வீட்டுக்குத் திரும்பி வந்து, மறுநாள் அவர்கள் தெருவிலேயே குப்பை அள்ளும் பேட்டரி வண்டியில் சேர்ந்துவிட்டது. மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காத குப்பை நீலத் தொட்டியில் என்று பெற்ற பெண் காலங்காலையில் வாசலில் வந்து சொல்ல, அதுவரை எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி எறிந்துகொண்டிருந்த தோத்தாத்ரி குப்பையைப் பிரிக்க ஆரம்பித்தார். டீச்சரிடம் போய் வேறு இடத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். டீச்சர் கீரையிலிருந்து நிமிரவில்லை.

"நான் வேலை வாங்கித் தர்றவ இல்ல சார். அது என்னைக் கேட்டுட்டா போச்சு?"

"இல்ல மேடம், ஃபிளாட்ஸ்ல எல்லாருக்கும் தெரியறது. ரமா மாமி லிஃப்ட்ல என்னைப் பார்த்து பச்சைத் தொட்டின்னு சிரிக்கறா."

"மாமி குப்பை பிரிக்கறாங்களா?"

"இப்ப பிரிக்கறா."

"அப்ப உங்க பொண்ணு நல்லாத்தான் சொல்றா," என்றார் டீச்சர்.

வீட்டுக்காரர் சிட்டிபாபு இது எதையும் நம்பவில்லை. அவர் நம்பாததற்குத் தனியாகக் காரணம் வேண்டியதில்லை. நாலாங்கிளாஸ் வரைக்கும் படித்தவர். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட நிலத்தை மனை மனையாக விற்று, மிச்சத்தில் வீடு கட்டி உட்கார்ந்தவர். பால் வந்தால் விரலை விட்டுப் பார்ப்பார். காஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பார். வாசலில் சாமி ஊர்வலம் வந்தால்கூட, பின்னால் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். மழை பெய்தால் கையை நீட்டிப் பார்த்த பிறகே குடையை விரிப்பார். குரல் கழலும் விவகாரத்தில் ஏதோ ஒயர் வேலை இருக்கிறது என்று முடிவுகட்டி, மின்சார டெஸ்டரோடு மாடிக்குப் போய் ஸ்ருதிப் பெட்டியின் நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. அதனால் சந்தேகம் கூடியது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, வகுப்பு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்தார். குளிக்கும்போது அவர் வாயில் ஏதோ முனகல் வருவதை மருமகள் ஜெயக்கொடி கவனித்தாள். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

சிட்டிபாபு உலகத்தில் நம்பியது ஒரே ஒரு குரலைத்தான். அது அவர் பேத்தி கோகிலவாணியுடையது. ஒன்பதாவது படிக்கும் பெண். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். மகன் மோகன்ராஜ் படித்தால் நடுவில் தாண்டிவிடுவான். ஜெயக்கொடி படித்தால் தன் அபிப்பிராயத்தைச் சேர்த்துவிடுவாள். டி.வி.யில் சொல்கிறவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு பொய் சொல்கிறவர்கள். கோகிலா மட்டும்தான் போட்டிருப்பதைப் போட்டிருக்கிற மாதிரி படிப்பாள். கண்ணீர் அஞ்சலி, கிணறு தோண்டும் விளம்பரம், கடைசியில் அச்சிட்டவர் பெயர் வரைக்கும் விடமாட்டாள். கூடக் குறைய ஒரு எழுத்து இருக்காது. கிழவர் கேட்டுவிட்டு, தினமும் ஒரே மாதிரி, "சரி, அப்படித்தான் இருக்கும்," என்பார். வேறு யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வராத வார்த்தை அது.

அந்தப் பெண்ணை ஜெயக்கொடி பாட்டு வகுப்பில் சேர்த்தபோது வீட்டில் சண்டை வந்தது.

"நம்ம வூட்டுப் பொண்ணு பாட்டு பாடி இன்னாத்த கிழிக்கப் போறா?"

"மாமா, நம்ம மாடிக்குத்தான அனுப்புறேன், அமெரிக்காவுக்கா அனுப்புறேன்?"

"கொரல் பூடும்மா!"

"நீங்கதான் அது ஒயர் வேலைன்னு சொன்னீங்க. ஒயர் வேலைன்னா கொரல் எப்படி பூடும்?"

சிட்டிபாபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போனா தானா வரும்னு சொல்றாங்க" என்று அவள் சமாதானம் சொன்னதற்கு மட்டும், "சீட்டுப் புடிச்சவனும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனான்" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை கோகிலா பேப்பரை விரித்து வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்தைத் திருப்பினாள், அங்கேயும் வரவில்லை. கிழவர் கொஞ்ச நேரம் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

"டீச்சரம்மா, என் பேத்தி கொரல் எங்க?"

"தெரியாது சார். தேடுங்க. கெடைச்சா அவளக் கூட்டிட்டுப் போய் பக்கத்துல உட்காருங்க. ஒண்ணும் பேசாதீங்க."

"என் வூட்டு சாமான நான் கூப்பிடக் கூடாதா?"

"அது சாமான் இல்ல சார்."

"தோ பாரும்மா. பொங்கலுக்குள்ள கொரல் வூடு வந்து சேரணும். இல்லாங்காட்டி மாடிய காலி பண்ணிடணும். அவ்ளோதான்."

"சரி சார்," என்றார் டீச்சர். அடியில் பெல்ட் ஓடியது. அந்தச் 'சரி' சிட்டிபாபுவுக்குப் பிடிக்கவில்லை. பயந்தவர்கள் சொல்லும் சரி வேறு மாதிரி இருக்கும்.

அந்த நாட்களில் உலகத்தில் என்ன நடந்தது என்பது அவருக்கு அப்போது தெரியவே இல்லை. மோகன்ராஜ் படிக்க வந்தான். தலைப்பு முடிவதற்குள் தகராறு ஆனது. ஜெயக்கொடி படித்தாள், மழை வரும் என்று போட்டிருக்கிறது என்றாள், நீ போட்டியா அவன் போட்டானா என்று கேட்டார். கடைசியில் பேப்பர் வந்ததும் மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்க ஆரம்பித்தார், குரல் வந்தபின் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று. கோகிலாவை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் பத்ரி என்கிற பையனின் குரல் இரும்போடு சேர்ந்து சீவிக்கொண்டிருந்தது. முதலாளி பெல்ட் சரியில்லை என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வண்டலூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் சின்மயி என்கிற பெண்ணின் குரல் டோக்கன் கூப்பிட்டது. எல்லாம் ஊரான் வீட்டுக் குரல். கோகிலா ஒவ்வொரு இடத்திலும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவாள். கிளம்புவார்கள்.

மார்கழி பிறந்து மழை விட்ட பிறகு, ஊரப்பாக்கம் சிக்னலில்தான் அகப்பட்டது. கூம்பு ஸ்பீக்கர் கட்டிய ஒரு டெம்போ முன்னால் நின்றது. கோகிலா கிழவரின் முதுகில் குத்தினாள். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் நடந்து செல்லும் தூரத்தில். ஊரப்பாக்கம் ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில். பத்து அடியில் இளநீர் போன்ற குடிநீர். ஸஹானா கார்டன். இன்றே வாருங்கள், சொந்த மண்ணில் கால் பதியுங்கள்."

கூடக் குறைய ஒரு எழுத்து இல்லாமல், போட்டிருப்பதைப் போட்டிருக்கிற மாதிரி, கோகிலாவின் குரல் படித்தது. கிழவர் சிக்னலிலேயே தலையை ஆட்டி, "சரி, அப்படித்தான் இருக்கும்," என்றார். டெம்போவின் பின்னாலேயே போனார். ஊருக்கு உள்ளே, கொடி கட்டி, கல் நட்டு, ஷாமியானா போட்டிருந்த ஒரு வெட்டவெளியில் போய் இறங்கினார். டெம்போ ஓட்டுகிறவனும் மனை காட்டுகிறவனும் ஒரே ஆள். பொன்னுசாமி என்று பெயர். மனை விற்றே நரைத்த சிட்டிபாபு, அந்தத் தொழிலில் உள்ள அத்தனை பொய்யும் மனப்பாடமாகத் தெரிந்த சிட்டிபாபு, அவனிடம் போய் கிழக்கு பார்த்த மாதிரி ஒன்று போடச் சொன்னார்.

"இன்னா பெருசு, மண்ணக்கூட பாக்காம கேக்குற?"

"அதான் கொரல் சொல்லுதேப்பா."

"அது ஸ்பீக்கரு பெருசு."

"உனக்குத் தெரியாது. அது பொய் சொல்லாது. எங்க வூட்டுக் கொரல்."

பொன்னுசாமி இத்தனை வருஷத்தில் பலவிதமான ஆட்களைப் பார்த்திருந்தான். பேனாவைத் திறந்து கிழவரிடம் கொடுத்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தை எடுக்கப் போனான். அப்போது கோகிலா குனிந்து காலடி மண்ணில் ஒரு பிடி அள்ளி, கிழவரின் இன்னொரு கையைப் பிரித்து அதில் வைத்தாள். கறுப்புக் களிமண், நடுவில் ஒரு நத்தை ஓடு. சிட்டிபாபு அதைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். கொடிகளையும் ஷாமியானாவையும் மனசுக்குள் கழற்றிவிட்டுப் பார்த்தபோது, அது அவர் வாலிபத்தில் கெளுத்தி மீனுக்கு வலை போட்ட சித்தேரி. நடுவில் ஆள் முங்கும் ஆழம் இருந்தது. பேனாவை மூடி பொன்னுசாமியின் சட்டைப் பையில் திரும்பச் செருகிவிட்டு, ஷாமியானா நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். ஏமாற்றப்பட்டது புதிதல்ல, அந்தக் குரலால் ஏமாற்றப்பட்டது புதிது.

மறுநாளில் இருந்து இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து உட்கார்ந்தார்கள். கோகிலா டீச்சர் சொன்னபடி சும்மா இருந்து கேட்டாள். கிழவரால் சும்மா இருக்க முடியவில்லை. நடந்து செல்லும் தூரம் என்று குரல் சொன்னதும் எழுந்து நின்று, "யாருக்கு நடக்குற தூரம்? குதிரைக்கா?" என்பார். பத்து அடியில் குடிநீர் என்றால், "பத்தடி இன்னாத்துக்கு? கார்த்திகைல முட்டிக்கு மேல கீதே தண்ணி!" என்பார். நீ படித்த பிள்ளை, இந்தப் பொய்யை எப்படிம்மா வாயால் சொல்கிறாய், வா வூட்டுக்கு என்று ஸ்பீக்கர் கூம்புக்குள் தலையை விட்டுக் கூப்பிடுவார். கோகிலா அவர் சட்டையைப் பிடித்து இழுப்பாள், கையால் வாயைப் பொத்திக் காட்டுவாள், ஒரு தடவை காலை மிதித்தே விட்டாள். நிறுத்தவில்லை. மனை பார்க்க வந்தவர்கள் கிழவரை ஏதோ குடிகாரர் என்று சுற்றிக்கொண்டு போனார்கள்.

அதில் ஒரு காரியம் நடந்தது. குரல் கற்றுக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம் இருக்கும்போது, பொன்னுசாமி ஸ்பீக்கரைப் போட்டான்.

"கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் நடந்து செல்லும் தூரத்தில், நடப்பது குதிரையாக இருந்தால். பத்து அடியில் குடிநீர். கார்த்திகையில் முட்டிக்கு மேலேயே கிடைக்கும். இந்த இடம் ஒரு காலத்தில் ஏரி. மழைக்காலத்தில் இப்போதும் ஏரி. நீச்சல் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை."

பொன்னுசாமி ஸ்பீக்கரை நிறுத்தினான், பேட்டரியைப் பிடுங்கினான், குரல் நிற்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: இவ்வளவு உண்மையைச் சொல்கிறவன் ஏமாற்றமாட்டான். அதுதான் சரி என்று எல்லாருக்கும் பட்டது. இத்தனை லேஅவுட் பார்த்தோம், எவன் இப்படி மனசு திறந்து பேசினான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சாயங்காலத்துக்குள் பாதி மனை போய்விட்டது. ஒருவர் நீச்சல் தெரியும் என்று சொல்லி மூலை மனையைக் கேட்டு வாங்கினார். கம்பெனியில் பொன்னுசாமிக்குச் சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தார்கள். தை பிறந்ததும் இந்த ஸ்பீக்கரை மறைமலை நகருக்கு அந்தாண்டை, இன்னொரு ஏரிக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள்.

"பெருசு, உன் புண்ணியம்," என்றான் பொன்னுசாமி. "நீ வந்து குந்திகினு கத்துனதாலதான் இதுக்கு இவ்ளோ மார்க்கெட்டு. அங்கயும் வந்து கத்திக் குடு."

கிழவர் அன்று மொபெட்டைத் தள்ளிக்கொண்டே பாதித் தூரம் நடந்தார். தான் கூப்பிடக் கூப்பிட அது இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது நாலாங்கிளாஸ் படிப்புக்கே விளங்கியது. விளங்கினாலும் வாய் கேட்கவில்லை. கோபம் டீச்சர் மேல் திரும்பியது. பொங்கல் வந்தது. குரல் வரவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று காலை, வீட்டில் எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், மாடிப்படி அதிர ஏறிப் போய், கீரை ஆய்ந்துகொண்டிருந்த டீச்சருக்கு எதிரே நின்று, காலி பண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

காற்று வந்தது.

மறுபடி திறந்தார். அதே காற்று. கையை ஆட்டினார், வாசலைக் காட்டினார், பாத்திரம் பண்டங்களைக் காட்டினார். டீச்சர் கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அவரை நிதானமாகப் பார்த்தார். "உட்காருங்க சார்," என்றார். "ஒரு வருஷமா படிக்குக் கீழ உட்கார்ந்து கேட்டீங்க. குளிக்கறப்ப ஸ பிடிக்கறீங்க, மேல வரைக்கும் கேட்குது. ப மட்டும் கொஞ்சம் எறக்கம். நீங்களும் கிளாஸுக்கு வந்தவர்தான்." சிட்டிபாபு உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? பேசுகிறவனுக்குத்தான் எழுந்து போகும் வசதி உண்டு.

அன்றிலிருந்து இரண்டு ஊமைகளும் ஊரப்பாக்கத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டு, பொன்னுசாமியின் டெம்போவில் முன் சீட்டில் ஏறி, மறைமலை நகர் வரைக்கும் போய் வந்தார்கள். பொன்னுசாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்தாத பெருசு அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. தலைக்கு மேலே குரல் மனை விற்றது. கிழவர் கேட்டார். பதில் சொல்ல வழி இல்லாததால், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பேசி முடிக்கும் வரைக்கும் கேட்டார். அப்போது ஒன்று காதில் பட்டது. 'முன்னுரிமை' என்ற வார்த்தைக்கு முன்னால் அந்தக் குரல் ஒரு குட்டி மூச்சு வாங்கியது. பேப்பரில் கஷ்டமான வார்த்தை வந்தால் கோகிலா வாங்கும் மூச்சு. நாலைந்து வருஷமாகத் தினமும் அவர் காதருகே வாங்கிய மூச்சு. செய்தியைக் கேட்கிற அவசரத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். கோகிலாவும் அந்த இடத்துக்காகவே காத்திருந்த மாதிரி, அதே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பி வரும்போது மொபெட் கொஞ்சம் கனத்தது. டயரில் காற்று குறைவு என்று கிழவர் நினைத்தார். மறுநாள் காலை கோகிலா பேப்பரை விரித்துத் தேதியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். குரலில் ரோட்டுப் புழுதி இருந்தது, லாரி ஹாரன் இருந்தது, எடுத்த வரியை முடிக்காமல் விடாத ஒரு பிடி இருந்தது. ஜெயக்கொடி அடுப்படியில் இருந்து ஓடிவந்து அழுதாள். மாடியில் டீச்சரின் கை கீரையில் நடந்தது. கோகிலா ஒரு செய்தியைப் படித்து முடித்ததும் நிறுத்தி, "அப்படின்னு போட்டிருக்காங்க தாத்தா, எவ்ளோ தூரம்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும்," என்றாள். முன்பு இந்தச் சேர்மானம் கிடையாது. அது அவருடைய சரக்குதான். 'சரி, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை; தலையை ஆட்டினார். கட்டிலுக்கு அடியில் இருந்த பழைய பேப்பர்களையும் இழுத்து வெளியே போட்டார். கோகிலா பிறகு தெருக் கோயில் பந்தலில் பாடியபோது, மைக்குக்கு மின்சாரம் போனது யாருக்கும் உடனே தெரியவில்லை. பொன்னுசாமி கூம்பில் ஒரு ஆணின் குரலைப் பதிவு செய்து போட்டான். மறைமலை நகரில் மிச்சம் இருந்த மனைகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

மாடியைக் காலி செய்யும் பேச்சை வேறு யாரும் எடுக்கவில்லை. சிட்டிபாபுவின் குரல் எங்கே போனது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் தோத்தாத்ரி. அவர்கள் ஃபிளாட்ஸில் புதிதாக மாற்றிய லிஃப்டில்தான் அது சேர்ந்திருந்தது. "தயவுசெய்து உள்ளே வரவும். பெரியவர்களுக்கு வழிவிடவும். கதவு மெதுவாக மூடுகிறது. தங்கள் வருகைக்கு மிக்க நன்றி." மோகன்ராஜ் போய்க் கேட்டுவிட்டு, அது அப்பா இல்லை என்று சாதித்தான், அவன் பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் 'தயவுசெய்து' கேட்டதில்லை. ஜெயக்கொடி கல்யாணமாகி வந்த நாள் முதல் வரவேண்டிய நன்றியை, மேலும் கீழுமாகப் போய் வந்து, ஒரு சாயங்காலம் முழுக்க வாங்கிக்கொண்டாள். தோத்தாத்ரிக்குத்தான் மனசு ஆறவில்லை. ஃபேன் வைத்த லிஃப்ட், மூன்று பாஷை, நல்ல சூழ்நிலை. படிப்பே இல்லாத மனுஷனுக்குப் போய் இப்படிக் கிடைத்திருக்கிறதே என்று டீச்சரிடம் ஆற்றிக்கொண்டார்.

இப்போதும் காலையில் பேப்பர் கேட்டு முடிந்ததும் சிட்டிபாபு தோத்தாத்ரியின் ஃபிளாட்ஸுக்குப் போய்விடுவார். வாட்ச்மேன் லிஃப்ட் பக்கத்தில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். குடியிருக்கிறவர்கள் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்வார்கள், லிஃப்ட் அவர் சார்பில் நன்றி சொல்லும். அவர் கூப்பிடுவதில்லை, திருத்துவதில்லை. டீச்சர் சொன்னபடி உட்கார்ந்து கேட்கிறார். வெயில் தாழ்ந்ததும் ஒரு தடவை உள்ளே ஏறுவார். "மூன்றாவது மாடி. தங்களுக்கு இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்," என்று அவர் குரல் சொல்லும். வெளியே வந்து, வராந்தா ஜன்னலில் எட்டிப் பார்த்து, கீழே இருந்து மாடிகளை விரல் விட்டு எண்ணுவார். மூன்றுதான். திரும்ப வந்து ஏறிக்கொள்வார்.